எத்தனையா, எவ்வளவா? வியாபாரிகளுக்கு ஓர் இங்கிலீஷ் பாடம்



நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாள் முன்பாக என் கடையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்லி இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். சொல்ல வெட்கந்தான். ஆயினும் நான் பட்ட நஷ்டம் நம்மவரில் இன்னொருவருக்கு வரவேண்டாம் என்பதற்காகச் சொல்லுகிறேன்.

நகரில் ஒரு ஹோட்டலுக்கு நான் மளிகைச் சாமான் கொடுத்து வந்தேன். அங்கே புதிதாக வந்த தலைமைச் சமையல்காரர் வெளிநாட்டுக்காரர். அவருக்கு மலாயும் தெரியாது, தமிழும் தெரியாது. ஒரு நாள் காலையில் கைப்பேசியில் இங்கிலீஷில் எழுதி, நெய் இருக்கிறதா என்று கேட்டார். என் கிடங்கில் அப்பொழுது 24 டின் நெய் இருந்தது. யாராவது சரக்கு கேட்டால், "கொஞ்சம் இருக்கிறது, எவ்வளவு வேண்டும்?" என்று அடக்கமாகச் சொல்லுவது நமது வழக்கமல்லவா? அதையே மனத்தில் வைத்துக்கொண்டு, "வீ ஹாவ் லிட்டில் கீ" என்று பதில் எழுதிவிட்டு, ஆர்டர் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மறுநாள் வேறொரு கடையின் லாரி அந்த ஹோட்டலில் நெய் இறக்கிவிட்டுப் போயிற்று.

பில் பணம் வாங்கப் போனபோது காரணம் கேட்டேன். அந்த மனிதர் கோபப்படவில்லை. கைப்பேசியை எடுத்து என் எழுத்தையே எனக்குக் காட்டினார். "நெய் இல்லை என்கிற மாதிரி நீங்கள் எழுதிய பிறகு, நான் வேறு இடம் பார்க்காமல் என்ன செய்வேன்?" என்றார். பெருநாள் கழிந்தும் அந்த 24 டின்னும் என் கிடங்கிலேயே இருந்தன.

என் கடைக்கு நாள்தோறும் பத்திரிகை வாங்க வரும் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன்.

"பாய், உங்கள் வாக்கியத்தில் ஒரே ஓர் எழுத்து குறைந்துவிட்டது" என்றார்.

"என்ன எழுத்து சார்?"

"'எ' என்ற எழுத்து. 'எ லிட்டில்' என்று எழுதியிருந்தால், கொஞ்சம் இருக்கிறது என்று அர்த்தம். வெறும் 'லிட்டில்' என்றால், அநேகமாக இல்லை என்று அர்த்தம். அவர் மேல் குற்றமில்லை பாய்."

ஓர் எழுத்துக்கு 24 டின் நெய்! அன்று முதல் அந்த வாத்தியார் வரும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொன்னதைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தித் தருகிறேன். நான் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்தவன்; இலக்கணப் புலவனல்லன். ஒரு கடைக்காரன் இன்னொரு கடைக்காரருக்குச் சொல்லுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

என் அத்தா காலத்தில் இங்கிலீஷில் கடிதம் எழுத வேண்டுமானால் தோட்டத்துக் கிராணியைத் தேடிப் போவார்கள். இப்பொழுது கிராணியைத் தேட நேரமில்லை. கேட்ட நிமிஷமே பதில் எழுதவேண்டும். 2008-ஆம் ஆண்டில் மலாக்கா நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 1748-இல் இந்திய முஸ்லிம் வியாபாரிகள் கட்டிய கம்போங் கிளிங் பள்ளிவாசலைப் பார்க்க ஜாலான் துக்காங் எமாஸுக்கு வருகிற வெளிநாட்டார், பக்கத்துக் கடைகளிலும் ஏறி இங்கிலீஷில்தான் விலை கேட்கிறார்கள். ஜாசின், அலோர் காஜா, மஸ்ஜித் தானா, மெர்லிமாவ் பக்கத்துக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிக்கு ஆர்டர் எழுதும்போது இங்கிலீஷ் கலக்காமல் எழுதுவதில்லை. ஆகவே இது நம் எல்லோருக்கும் வேண்டிய பாடம்.

1. நான்கு அளவையும் இரண்டு வகையும்

நம் முன்னோர் அளவையை நான்காகப் பிரித்தார்கள்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். தேங்காயை எண்ணுகிறோம், அது எண்ணல். சீனியைத் தராசில் நிறுக்கிறோம், அது எடுத்தல். எண்ணெயைப் படியில் அளக்கிறோம், அது முகத்தல். துணியை முழத்திலோ கஜத்திலோ மீட்டரிலோ அளக்கிறோம், அது நீட்டல்.

இந்த நாட்டிலும் அப்படியே. 16 தாயில் 1 காத்தி, 100 காத்தி 1 பிக்குல் என்பது எடுத்தல். 4 சுப்பாக் 1 கந்தாங் என்பது முகத்தல். 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்திற்குப் பிறகு படிப்படியாகக் கிலோவும் லிட்டரும் வந்தன. ஒரு காத்தி என்பது ஏறக்குறைய 605 கிராம். அளவின் பெயர் மாறிற்றே தவிர, அளக்கும் வகை மாறவில்லை.

இங்கிலீஷ்காரர் இந்த நான்கையும் இரண்டாகச் சுருக்கிவிட்டார்கள். எண்ணல் ஒரு பக்கம். மற்ற மூன்றும் இன்னொரு பக்கம். முட்டை, தேங்காய், டின், மூட்டை, வாடிக்கையாளர் ஆகியவை எண்ணும் பெயர்கள். அரிசி, சீனி, மாவு, எண்ணெய், பால், துணி, பணம், நேரம் ஆகியவை அளக்கும் பெயர்கள். ஒரு சாமான் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் இந்தப் பாடத்தில் பாதி முடிந்தது.

2. எத்தனையும் எவ்வளவும்

எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்குரிய கருவி நம் வாயிலேயே இருக்கிறது. சிறு பிள்ளையும் "எத்தனை முட்டை?" என்று கேட்கும், "எவ்வளவு அரிசி?" என்று கேட்கும். "எத்தனை அரிசி?" என்று யாராவது கேட்டால், இவர் அரிசியை ஒவ்வொன்றாக எண்ணப் போகிறாரா என்று சிரிப்போம்.

இங்கிலீஷில் எத்தனை என்பது "ஹவ் மெனி". எவ்வளவு என்பது "ஹவ் மச்". எத்தனை முட்டை என்றால் "ஹவ் மெனி எக்ஸ்". எவ்வளவு அரிசி என்றால் "ஹவ் மச் ரைஸ்". எத்தனை நாள், "ஹவ் மெனி டேய்ஸ்". எவ்வளவு நேரம், "ஹவ் மச் டைம்". எத்தனை தடவை, "ஹவ் மெனி டைம்ஸ்". எவ்வளவு பணம், "ஹவ் மச் மணி". ஆனால் எத்தனை ரிங்கிட், "ஹவ் மெனி ரிங்கிட்". பணத்தை எண்ணித்தானே வாங்குகிறோம் என்று சிலர் கேட்பார்கள். நாம் எண்ணுவது ரிங்கிட்டை, நோட்டை, சில்லறைக் காசை. பணம் என்ற பொதுச் சொல்லைத் தமிழிலும் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம்.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்த நாம் ஏன் தவறுகிறோம்? யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. கடையில் நாள் முழுதும் நாம் பேசுவது மலாய். மலாயில் "பெராப்பா" என்ற ஒரே சொல் எத்தனைக்கும் எவ்வளவுக்கும் போதும். நிறைய என்பதற்கு "பாஞ்ஞாக்", கொஞ்சம் என்பதற்கு "சிக்கிட்". எந்தச் சாமானானாலும் சரி. அந்தப் பழக்கத்தோடு இங்கிலீஷுக்குத் தாவும்போது "ஹவ் மச் எக்ஸ்" என்று வந்துவிடுகிறது. ஆகையால் இங்கிலீஷ் பேசுமுன் மலாயில் நினையாமல் தமிழில் நினையுங்கள். "எத்தனையா, எவ்வளவா?" என்று மனத்துக்குள் ஒரு தரம் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை வந்தால் "மெனி" குடும்பம். எவ்வளவு வந்தால் "மச்" குடும்பம்.

தமிழில் "எவ்வளவு பேர்" என்றும் சிலர் சொல்லுவதுண்டு. அதனால் குழப்பம் வேண்டாம். "எத்தனை பேர்" என்றும் சொல்ல முடிகிறதல்லவா? எத்தனை என்று சொல்ல முடிந்தால் அது எண்ணும் பெயரே.

விலை கேட்பது மட்டும் தனி. "ஹவ் மச் ஆர் தீஸ் எக்ஸ்?" என்று ஒருவர் கேட்டால் அது பிழையல்ல, அவர் கேட்பது விலையை. நாமும் "முட்டை எவ்வளவு?" என்றால் விலையையும், "முட்டை எத்தனை?" என்றால் எண்ணிக்கையையும் கேட்கிறோம். இதிலும் தமிழும் இங்கிலீஷும் ஒத்துப்போகின்றன.

3. வால் எழுத்து

தமிழில் பத்து முட்டை, இருபது தேங்காய் என்போம். முட்டைகள், தேங்காய்கள் என்று சொல்லவேண்டிய கட்டாயமில்லை. இப்படி ஒருமைக்கும் பன்மைக்கும் பொதுவாக நிற்பதை நன்னூல் பால்பகா அஃறிணைப் பெயர் என்று சொல்லுகிறது. இந்தச் சுதந்திரம் இங்கிலீஷில் கிடையாது. எண்ணும் பெயர் ஒன்றுக்கு மேற்பட்டால் கடைசியில் "ஸ்" என்ற வால் வரவேண்டும். "டென் எக்" அன்று, "டென் எக்ஸ்". "ட்வென்டி கோகனட்" அன்று, "ட்வென்டி கோகனட்ஸ்".

அளக்கும் பெயருக்கோ வால் கூடாது. "ரைஸஸ்", "ஷுகர்ஸ்" என்று கடைச் சரக்கை எழுதலாகாது. இருக்கிறது என்று சொல்லும்போதும் இந்த வேற்றுமை உண்டு. முட்டை இருக்கின்றன என்பதற்கு "தேர் ஆர் சம் எக்ஸ்". அரிசி இருக்கிறது என்பதற்கு "தேர் இஸ் சம் ரைஸ்".

ஒரே சாமான் இரண்டு பக்கமும் நிற்பதும் உண்டு. "டூ சிக்கன்ஸ்" என்றால் முழுக்கோழி இரண்டு. "டூ கிலோஸ் ஆஃப் சிக்கன்" என்றால் கோழி இறைச்சி இரண்டு கிலோ. இறைச்சிக் கடைக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

4. அளப்பதை எண்ணும் வழி

தோட்டத்துக் கடைகளில் பாக்கி எழுதும் 555 நோட்டை எல்லோரும் அறிவோம். அதில் "அரிசி 2, எண்ணெய் 1, முட்டை 10" என்று எழுதுவோம். எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் விளங்கும். மூன்றாவது மனிதர் பார்த்தால் அரிசி 2 என்பது இரண்டு கிலோவா, இரண்டு மூட்டையா? சம்பள நாளில் இதனால் வாக்குவாதம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலீஷ் இந்தச் சந்தேகத்துக்கு இடம் வைப்பதில்லை. அளக்கும் பெயருக்கு எண் போட வேண்டுமானால், நடுவில் ஓர் அளவுச் சொல்லையும் "ஆஃப்" என்ற சொல்லையும் போட்டே ஆகவேண்டும்.

இரண்டு கிலோ அரிசி: "டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்."
பத்து மூட்டை சீனி: "டென் பேக்ஸ் ஆஃப் ஷுகர்."
மூன்று பாட்டில் எண்ணெய்: "த்ரீ பாட்டில்ஸ் ஆஃப் ஆயில்."
நான்கு மீட்டர் துணி: "ஃபோர் மீட்டர்ஸ் ஆஃப் கிளாத்."
அரைக் கிலோ மாவு: "ஹாஃப் எ கிலோ ஆஃப் ஃப்ளவர்."
ஒன்றரைக் கிலோ மாவு: "ஒன் அண்ட் எ ஹாஃப் கிலோஸ் ஆஃப் ஃப்ளவர்."

வால் எழுத்து எங்கே வருகிறது என்று பாருங்கள். கிலோவுக்கும் மூட்டைக்கும் பாட்டிலுக்கும் வால் உண்டு. அரிசிக்கும் சீனிக்கும் எண்ணெய்க்கும் இல்லை. உள்ளே இருப்பது எண்ணும் பொருளானால் இரண்டுக்கும் வால் வரும். "டூ கிலோஸ் ஆஃப் ஆனியன்ஸ்", "ஃபைவ் ட்ரேஸ் ஆஃப் எக்ஸ்" என்பது போல. ஒரு தட்டு முட்டை 30 என்பதால் ஐந்து தட்டு 150 முட்டை. எண்ணும் பொருளையும் இப்படி அளவுச் சொல்லோடு சொல்லலாம்.

டஜன் மட்டும் விலக்கு. எண்ணுக்குப் பின்னால் அதற்கு வாலும் இல்லை, "ஆஃப்" என்பதும் இல்லை. "டூ டஜன் எக்ஸ்" என்றே எழுதவேண்டும். நூறு, ஆயிரம் ஆகியவையும் அப்படியே: "டூ ஹண்ட்ரட் எக்ஸ்."

இன்னொரு எச்சரிக்கை. சொற்களைத் தலைகீழாக மாற்றினால் சரக்கே மாறிவிடும். "டின்ஸ் ஆஃப் மில்க்" என்றால் பால் உள்ள டின்கள். "மில்க் டின்ஸ்" என்றால் வெறும் பால் டின்கள் என்றும் பொருள்படும். "ஃபிஃப்டி ரைஸ் பேக்ஸ்" என்று ஆர்டர் எழுதினால், மறுபக்கத்தில் உள்ளவர் ஐம்பது வெறுஞ்சாக்கு கேட்கிறீர்கள் என்று எண்ண இடமிருக்கிறது. அரிசி வேண்டுமானால் "ஃபிஃப்டி பேக்ஸ் ஆஃப் ரைஸ்" என்று எழுதுங்கள். மூட்டை எத்தனை கிலோ என்பதையும் கூடவே குறிப்பிடுவது நல்லது.

5. ஏமாற்றும் பெயர்கள்

தமிழில் எத்தனை என்று கேட்கும் சில பொருள்களை இங்கிலீஷ் அளக்கும் பெயராக வைத்திருக்கிறது. நம் கருவி வேலை செய்யாத இடம் இதுதான். இவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

சோப்பு: "டூ சோப்ஸ்" அன்று, "டூ பார்ஸ் ஆஃப் சோப்."
ரொட்டி: "டூ பிரெட்ஸ்" அன்று, "டூ லோவ்ஸ் ஆஃப் பிரெட்."
காகிதம்: தாளைச் சொல்லும்போது "டென் ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்."
நாற்காலி மேசை முதலிய சாமான்: "ஃபர்னிச்சர்." வால் கிடையாது. நாற்காலி, மேசை என்று தனித்தனியே சொன்னால் "சேர்ஸ்", "டேபிள்ஸ்" என்று வால் உண்டு.
எழுதுபொருள்: "ஸ்டேஷனரி." இதற்கும் வால் கிடையாது.
பெட்டி படுக்கை: "லக்கேஜ்." வால் கிடையாது.
கருவிகள்: "எக்விப்மென்ட்." வால் கிடையாது.
தகவல், ஆலோசனை, செய்தி: "இன்ஃபர்மேஷன்", "அட்வைஸ்", "நியூஸ்." முதல் இரண்டுக்கும் வால் கிடையாது. "நியூஸ்" என்பதன் முடிவில் உள்ள ஸ் ஒலி வால் அன்று. "தி நியூஸ் இஸ் குட்" என்றே வரும்.

நம் பக்கத்துக் கடைவீதிகளில் "ஃபர்னிச்சர்ஸ்", "ஸ்டேஷனரீஸ்" என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதனால் வியாபாரம் நின்றுவிடாது. ஆனாலும் பலகை எழுதக் காசு கொடுக்கிறோம். சரியாக எழுதி வாங்குவதில் குறைவொன்றுமில்லை.

இவற்றில் ஒன்று என்று எண்ணிச் சொல்லவேண்டுமானால் "எ பீஸ் ஆஃப்" என்று போடலாம். "எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்", "எ பீஸ் ஆஃப் லக்கேஜ்", "எ பீஸ் ஆஃப் அட்வைஸ்" எல்லாம் சரியே.

சாப்பாட்டுக் கடையில் ஒரு சலுகை உண்டு. தேநீர் அளக்கும் பெயரே என்றாலும், மேசையில் உட்கார்ந்தவர் "டூ டீஸ், ப்ளீஸ்" என்று கேட்டால் பிழையாகாது. இரண்டு கோப்பை என்று அதற்குப் பொருள்.

6. கொஞ்சமும் கொஞ்சமேயும்

இனி, என் நெய்யைத் தேங்க வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

கொஞ்சம் என்பதற்கு எண்ணும் பெயரோடு "எ ஃபியூ", அளக்கும் பெயரோடு "எ லிட்டில்". சில தேங்காய் இருக்கின்றன என்றால் "வீ ஹாவ் எ ஃபியூ கோகனட்ஸ்". கொஞ்சம் நெய் இருக்கிறது என்றால் "வீ ஹாவ் எ லிட்டில் கீ". இரண்டும் உண்டு என்று சொல்லும் சொற்கள். கேட்பவர் நம்பிக்கையோடு வருவார்.

முன்னால் உள்ள "எ" என்ற எழுத்தை எடுத்துவிட்டால் பொருள் மறுபக்கம் சாய்ந்துவிடும். "வீ ஹாவ் ஃபியூ கோகனட்ஸ்" என்றால் தேங்காய் சிலவே உள்ளன, போதாது என்று பொருள். "வீ ஹாவ் லிட்டில் கீ" என்றால் நெய் கொஞ்சமே, அநேகமாக இல்லை என்று பொருள். இவை இல்லை என்று சொல்லும் சொற்கள். கேட்பவர் வேறு கடைக்குப் போவார்.

தமிழில் இதே வேற்றுமை உண்டு, கணக்குத்தான் தலைகீழ். கொஞ்சம் என்பதோடு ஏகாரத்தையோ "தான்" என்பதையோ சேர்த்தால், கொஞ்சமே, கொஞ்சந்தான் என்று குறைவைக் காட்டுகிறோம். நாம் குறைவைச் சொல்ல ஓர் எழுத்தைச் சேர்க்கிறோம். இங்கிலீஷ்காரர் குறைவைச் சொல்ல ஓர் எழுத்தை எடுக்கிறார். நாம் எழுதும்போது அந்த "எ" சின்ன எழுத்துத்தானே என்று விட்டுவிடுகிறோம். விட்ட இடத்தில் உண்டு என்பது இல்லை என்றாகிவிடுகிறது.

சந்தேகம் வந்தால் இரண்டு பாதுகாப்பான வழி உண்டு. சரக்குக் குறைவு என்று சொல்ல வேண்டுமானால் "ஒன்லி எ ஃபியூ", "ஒன்லி எ லிட்டில்" என்று எழுதுங்கள். அது நம் கொஞ்சந்தான் போன்றது, யாருக்கும் விளங்கும். சரக்கு உண்டு என்று சொல்ல வேண்டுமானால் எண்ணையே எழுதிவிடுங்கள். "வீ ஹாவ் 24 டின்ஸ் ஆஃப் கீ" என்று நான் எழுதியிருந்தால் இந்தப் பாடமே தேவைப்பட்டிராது.

7. நிறைய

நிறைய என்பதற்கு எண்ணும் பெயரோடு "மெனி", அளக்கும் பெயரோடு "மச்". ஆனால் "மச்" என்பது பெரும்பாலும் கேள்வியிலும் இல்லை என்ற வாக்கியத்திலுந்தான் இயல்பாக வரும். "வீ டோன்ட் ஹாவ் மச் ரைஸ்" சரி. "வீ ஹாவ் மச் ரைஸ்" என்பது காதுக்குச் சரியாக விழாது. உண்டு என்று சொல்லும்போது "எ லாட் ஆஃப்" என்பதைப் போடுங்கள். இது இரண்டு பக்கமும் செல்லும் நோட்டு: "எ லாட் ஆஃப் ரைஸ்", "எ லாட் ஆஃப் எக்ஸ்". "ப்ளென்டி ஆஃப்" என்பதும், போதுமான என்ற பொருளுள்ள "இனஃப்" என்பதும் அவ்வாறே இரண்டு பக்கமும் செல்லும்.

"டூ மச்", "டூ மெனி" என்பவை நிறைய என்பதோடு நிற்பதில்லை. அளவுக்கு மீறிவிட்டது என்ற குறையும் அவற்றில் உண்டு. "டூ மச் சால்ட்" என்றால் உப்பு கரிக்கிறது. பெருநாள் வாரத்தில் கடையில் கூட்டம் என்று சந்தோஷத்தோடு சொல்லும்போது "டூ மெனி கஸ்டமர்ஸ்" என்று சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் வந்தது உங்களுக்குத் தொந்தரவு என்றாகிவிடும். "எ லாட் ஆஃப் கஸ்டமர்ஸ்" என்று சொல்லுங்கள்.

8. இன்னும் சில இரட்டைச் சொற்கள்

"சம்" என்பதும் "எனி" என்பதும் இரண்டு வகைப் பெயரோடும் வரும். உண்டு என்பதற்கு "சம்". இல்லை என்பதற்கும் கேள்விக்கும் "எனி". "வீ ஹாவ் சம் டீ." "வீ டோன்ட் ஹாவ் எனி டீ." "டூ யூ ஹாவ் எனி டீ?" ஆனால் ஒருவரை உபசரித்துக் கேட்கும்போது, கேள்வியானாலும் "சம்" என்றே கேட்பது மரியாதை: "வுட் யூ லைக் சம் டீ?" சரக்கு இல்லை என்பதற்கு "நோ ஹாவ்" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

குறைவான என்பதற்கு அளக்கும் பெயரோடு "லெஸ்", எண்ணும் பெயரோடு "ஃபியூவர்". சீனி குறைத்துத் தேநீர் கேட்பவர் "லெஸ் ஷுகர்" என்பது சரி. போன மாதத்தைவிடக் குறைவான டின்கள் என்றால் "ஃபியூவர் டின்ஸ்".

விலைச் சீட்டு எழுதும்போது, ஒவ்வொன்றாக விற்பதற்கு "ஈச்". அளந்து விற்பதற்கு "பெர்". தேங்காய் ஒன்று மூன்று ரிங்கிட் என்றால் "த்ரீ ரிங்கிட் ஈச்". வெங்காயம் கிலோ ஐந்து ரிங்கிட் என்றால் "ஃபைவ் ரிங்கிட் பெர் கிலோ".

எல்லாவற்றையும் சேர்த்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைக்க, கீழே சுருக்கமாகத் தருகிறேன்.

எத்தனைக் குடும்பம்: மெனி, எ ஃபியூ, ஃபியூ, ஃபியூவர், டூ மெனி, ஈச்.
எவ்வளவுக் குடும்பம்: மச், எ லிட்டில், லிட்டில், லெஸ், டூ மச்.
இரண்டுக்கும் பொது: சம், எனி, எ லாட் ஆஃப், ப்ளென்டி ஆஃப், இனஃப்.

9. பயிற்சி

விடையைப் பார்க்காமல் முதலில் தாங்களே சொல்லிப் பாருங்கள். கடைச் சிப்பந்திகளையும் பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

(1) உங்களுக்கு எத்தனை மூட்டை வேண்டும்?
(2) உங்களுக்கு எவ்வளவு மாவு வேண்டும்?
(3) எங்களிடம் கொஞ்சம் எண்ணெய் இருக்கிறது.
(4) எங்களிடம் சில முட்டைகளே உள்ளன, விற்கப் போதாது.
(5) மூன்று சோப்பு கொடுங்கள்.
(6) எங்களிடம் சீனி இல்லை.
(7) இருபது மூட்டை அரிசி அனுப்பவும்.
(8) இன்றைக்குக் கடையில் நிறைய வேலை.

விடைகள்:

(1) "ஹவ் மெனி பேக்ஸ் டூ யூ வான்ட்?"
(2) "ஹவ் மச் ஃப்ளவர் டூ யூ வான்ட்?"
(3) "வீ ஹாவ் எ லிட்டில் ஆயில்." இங்கே "எ" விடுபட்டால் எண்ணெய் விற்காது.
(4) "வீ ஹாவ் ஃபியூ எக்ஸ்." "வீ ஹாவ் ஒன்லி எ ஃபியூ எக்ஸ்" என்பது இன்னும் பாதுகாப்பு.
(5) "த்ரீ பார்ஸ் ஆஃப் சோப், ப்ளீஸ்."
(6) "வீ டோன்ட் ஹாவ் எனி ஷுகர்."
(7) "ப்ளீஸ் செண்ட் ட்வென்டி பேக்ஸ் ஆஃப் ரைஸ்."
(8) "தேர் இஸ் எ லாட் ஆஃப் வொர்க் இன் தி ஷாப் டுடே." வேலையைத் தமிழில் எத்தனை வேலை என்றும் சொல்லுவோம், இங்கிலீஷில் அது அளக்கும் பெயர். ஆகவே வால் வேண்டாம்.

எட்டில் ஆறு சரியாக வந்தவர்கள் தைரியமாக இங்கிலீஷில் ஆர்டர் எழுதலாம். அதற்குக் குறைந்தவர்கள் இரண்டாம் பகுதியையும் ஆறாம் பகுதியையும் இன்னொரு தரம் படிக்க வேண்டுகிறேன்.

சகோதரர்களே, தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் நமக்குப் பொறுக்காது, வாங்குகிறவருக்கும் பொறுக்காது. சொல்லையும் அப்படி நிறுத்துக் கொடுக்கப் பழகவேண்டும் என்பதே நான் 24 டின் நெய்க்கு விலையாகக் கற்றுக்கொண்டது. அந்தச் சமையல்காரருக்குப் பின்னொரு நாள், "வீ ஹாவ் 24 டின்ஸ் ஆஃப் கீ. ஹவ் மெனி டின்ஸ் டூ யூ வான்ட்?" என்று எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: "சிக்ஸ், ப்ளீஸ்." ஆறு டின்னையும் நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

வஸ்ஸலாம்.